இரண்டு விரல் இடைவெளி

அந்தக் கதவு சாத்திக்கொள்ள மறுத்தது. கீல் கிறீச்சிட முழுவதும் வந்து, கடைசியில் இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றுவிட்டது. வேகமாகத் தள்ளினால் டக்கென்று இடித்துத் திரும்பி வந்தது. மெதுவாகத் தள்ளினால் இடிக்காமல் அதே இடத்தில் நின்றது. மூன்று நாளாக இதே கதைதான்.

"கதவுல ஒண்ணும் கோளாறில்ல. உங்க சுவர்தான் கோணல்" என்றார் மில்லி அண்ணன். அவர் எங்கள் படப்பிடிப்பு செட்டின் தச்சர். மில்லிமீட்டர் சுத்தமாக வேலை செய்வதால் அந்தப் பெயர். சாயங்காலப் பழக்கத்தால் வந்த பெயர் என்று லைட்காரர்கள் சொல்வார்கள். அவர் இரண்டையும் மறுப்பதில்லை.

"என் சுவர் கோணல்னா உங்க தூக்குக்குண்டு தூங்குச்சா?" என்று கேட்டேன்.

குண்டு கட்டிய நூலை மறுபடி தொங்கவிட்டுப் பார்த்தோம். சுவர் நேராகத்தான் இருந்தது.

நான் கலை இயக்குநரின் உதவியாளர். போலீஸ் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து, அதில் இருக்கும் அறையை அப்படியே கட்டுவது என் வேலை. உண்மையில் நடந்த கொலைகளை வைத்து இப்போது தொடர்கள் எடுக்கிறார்கள் அல்லவா, அவற்றில் ஒன்றுக்குத்தான் இந்த அறை. புகைப்படத்தில் அளவு இருக்காது. எங்கே போனாலும் அளவு மாறாத பொருள் ஒன்றை அதில் தேட வேண்டும். சுவிட்ச் போர்டு, செங்கல், இப்படி ஏதாவது. இந்த அறையில் எனக்குக் கிடைத்தது ஒரு தையல் மிஷின். அந்த மாடலின் மேசைப் பலகை எங்கும் ஒரே நீளம். அதை வைத்துத் தரையின் ஓடுகளை அளந்தேன். ஓடுகளை எண்ணி அறையை அளந்தேன். அறை கிடைத்ததும் ஜன்னல், அலமாரி, நூல் கண்டுகள் எல்லாம் தாமாக அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. இதைச் செய்யும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அறையில் ஒருத்தி செத்துக் கிடந்தாள் என்பதே மறந்துபோகும். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது.

கதவை மட்டும் நாங்கள் செய்யவில்லை. அது நிஜக் கதவு. போன வருடம் கொலை நடந்த வீட்டை இடித்தபோது, கொத்தனார் பின்கதவை நிலையோடு சேர்த்தே அறுத்தெடுத்து ஒரு பழைய மரக்கடைக்குப் போட்டுவிட்டார். எங்கள் டைரக்டர் அதைத் தேடிப் பிடித்து வந்த அன்று குழந்தை மாதிரி குதித்தார். "கொலைகாரன் கை பட்ட கதவு" என்று எல்லோரிடமும் சொன்னார். கீலைக்கூட மாற்றக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு.

வழக்கு இதுதான். செத்தவர் ஒரு தையல் டீச்சர். தனியாக இருந்தவர். பதினோரு வருடம் முன்பு ஒரு மதியம், அவருடைய இஸ்திரிப் பெட்டியாலேயே யாரோ தலையில் அடித்துவிட்டார்கள். முன்கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. பின்கதவு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஆக, அடித்தவன் பின்பக்கமாக வெளியே போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஆயுள் தண்டனை பெற்றவர் டீச்சரின் சொந்தத் தம்பி. அச்சகத்தில் வேலை பார்த்தவர். அந்த வாரம்தான் மிஷினில் மாட்டி அவருடைய வலது கை நசுங்கியிருந்தது. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மாவுக்கட்டு.

ஒற்றைக் கையோடு இருந்தவன் எப்படிக் கொன்றிருப்பான் என்று அவருடைய வக்கீல் கேட்டார். பெட்டியால் அடிக்க ஒரு கை போதும் என்றது கோர்ட். கதவைச் சாத்தவும் ஒரு கை போதும். அதற்குச் சாட்சி இருந்தது. பின்சந்துக்கு எதிரே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். தீர்ப்பின் நகலில் அவர் சொன்னது அப்படியே இருக்கிறது: "இடது கையால கதவை ஒரே தள்ளு தள்ளிச் சாத்தினான். அதே கையால தாழ்ப்பாளைப் போட்டான். போயிட்டான்." எதிரிலேயே கடை இருந்தும் அந்த வீட்டு வாசப்படியைக்கூடத் தான் மிதித்ததில்லை என்றும் சொல்லியிருந்தார். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சே இல்லாத சாட்சி. அவர் ஒருவர்தான் சாட்சியும்கூட.

அந்த ரேடியோக்காரரைத்தான் டைரக்டர் ஆலோசகராக வைத்திருந்தார். தினமும் வருவார். சுத்தமான சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, சன்னமான குரல். தனக்கென்று ஒரு நாற்காலி, ஒரு டீ கிளாஸ். செட்டைச் சுற்றி மெதுவாக நடந்து, "சந்து இன்னும் குறுகலா இருக்கும்மா" என்பார். அளந்து பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று. கண் சரியாக இருக்கும் மனிதர்கள் குறைவு.

போன வாரம் இன்னொருவரும் வந்தார். கேட்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள். நான்தான் போய்ப் பேசினேன். ஜெயிலில் இருக்கும் தம்பியின் மனைவி.

"நீங்கதான் வீட்டைக் கட்டறவங்களா?"

"அறை மட்டும்தான் அக்கா."

"எங்க நாத்தனாரோட அறைதானே. நான்தான் கூட்டித் துடைப்பேன், அங்க போனா." தீர்ப்பின் நகலையும் இன்னொரு கத்தையையும் என் கையில் திணித்தார். "அடுத்த மாசம் கடைசி மனு விசாரணைக்கு வருது. அதுக்கு முன்னாடி உங்க படம் வந்துடுமாமே. வந்துட்டா ஊரே அவர் கொன்னதைக் கண்ணால பார்த்த மாதிரிதான். அப்புறம் எந்த ஜட்ஜ் நம்பப் போறாரு? அவர் செய்யலைன்னு ஒரு வரியாவது போடச் சொல்லுங்கம்மா."

டைரக்டரிடம் சொன்னேன். "பாவம்தான். ஆனா நாம என்ன தீர்ப்பா எழுதறோம்? எழுதின தீர்ப்பைப் படமா எடுக்கறோம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கத்தையை என் மேசையில் வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் ஒத்திகை. தம்பியாக நடிப்பவர் கையில் மாவுக்கட்டோடு அறையிலிருந்து வெளியே வந்தார். முகத்தில் நல்ல கொலைவெறி. இடது கையால் ஒரே தள்ளு. கதவு டக்கென்று இடித்துத் திரும்பி வந்து அவர் முட்டியைத் தட்டியது.

"கொலைகாரனையே கதவு அடிக்குது சார்" என்றார் லைட்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"சீவிடுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு சன்னமான குரல். ரேடியோக்காரர். "பழைய மரம். மழைக்கு ஊதியிருக்கும். கீழ அரை இஞ்சு சீவினா சரியாப் போயிடும்."

"கதவுல கை வைக்கக் கூடாதுன்னு சார்தான் சொன்னாரு" என்றார் மில்லி அண்ணன்.

"சாத்தாத கதவை வச்சு என்ன பண்றது? மதியச் சாப்பாடு முடிஞ்சதும் சீவிடுங்க" என்றார் டைரக்டர். "காலையில ஷாட்."

ரேடியோக்காரர் தலையசைத்துவிட்டு டீயை உறிஞ்சினார்.

எனக்கு மனசு ஆறவில்லை. காரணம் தெரியாமல் ஒரு பொருளைச் சீவுவது எனக்குப் பிடிக்காது. மேசையில் புகைப்படங்களைப் பரப்பினேன். பதினான்காம் படம், போலீஸ் வந்ததும் எடுத்தது: கதவு நிலையோடு நிலையாகச் சாத்தி, தாழ்ப்பாள் வளையத்துக்குள் போயிருக்கிறது. இருபத்திரண்டாம் படம், அன்று சாயங்காலம் வீட்டுக்கு சீல் வைத்தபோது எடுத்தது: அதே கதவு. ஆனால் தாழ்ப்பாள் போடவில்லை. பிடியையும் ஜன்னல் கம்பியையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு வைத்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. பிடியின் அகலத்தை வைத்து அதை அளந்தேன். இரண்டு விரல்.

ஆக, கதவு மழைக்கு ஊதவில்லை. பதினோரு வருடம் முன்பே அது அப்படித்தான் இருந்திருக்கிறது. போலீஸ்காரர்களுக்கும் அது சாத்திக்கொள்ளவில்லை. சலித்துப்போய்க் கயிற்றைக் கட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் கொலைகாரனுக்கு மட்டும் எப்படிச் சாத்திக்கொண்டது?

இதை யாரிடமும் சொல்லவில்லை. பசியும் இல்லை. எல்லோரும் சாப்பிடப் போனதும், காலையில் எடுக்கப்போகும் ஷாட்டுக்காக அறைக்குள் போனேன். தையல் மிஷினுக்கு அடியில் துணித் துண்டுகளைப் படத்தில் இருக்கும்படி பரப்ப வேண்டும். தரையில் படுத்து, மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்தேன். செட்டில் வழக்கமாக ஒரு சுவர் இருக்காது, காமிராவுக்காக. அன்று நான்கு சுவரும் மாட்டியிருந்தார்கள். வெளியே, புயல் காற்றுக்கு வைத்திருந்த பெரிய ஃபேனை யாரோ அணைக்காமல் போய்விட்டார்கள். கதவு ஆடி ஆடி இடித்துக்கொண்டிருந்தது. டக். கொஞ்ச நேரம் கழித்து, டக்.

செட்டின் பின்சந்தில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத நடை. ஒரு கிளாஸை எதன்மேலோ வைக்கும் சத்தம். டக் என்றது கதவு. "ச்சே" என்றது ஒரு குரல்.

நான் படுத்திருந்த இடத்திலிருந்து கதவின் கீழ்ப்பகுதி மட்டும் தெரிந்தது. அது நிலைக்கு வந்து, வழக்கம்போல இரண்டு விரல் இடைவெளியில் நின்றது. பிறகு மேலே எழுந்தது. கதவு முழுவதும் அல்ல, கீல் இல்லாத பக்கம் மட்டும், ஒரு விரல்கடை உயரம். கதவுக்கும் நிலையின் கீழ்க்கட்டைக்கும் நடுவில் ஒரு வெளிச்சக் கோடு பிறந்தது. அந்தக் கோட்டில் பாலிஷ் போட்ட ஒரு ஷூவின் நுனி வந்து கதவின் கீழ் மூலையை அழுத்தியது. மூலை உள்ளே நழுவியது. உடனே தாழ்ப்பாள் சறுக்கி வளையத்துக்குள் விழும் சத்தம்.

அறை இருட்டிப்போயிற்று. மேலே கூரை கிடையாது. ஆனாலும் இருட்டியது போலத்தான் இருந்தது.

ஒரே முயற்சி. தடவலும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. நம் வீட்டுச் சுவிட்சை இருட்டில் போடுவோமே, அப்படி. நானும் மில்லி அண்ணனும் மூன்று நாளாக மல்லுக்கட்டிய கதவை அந்த மனிதர் வேறு எதையோ நினைத்துக்கொண்டே சாத்திவிட்டார்.

பிறகு வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஃபேன் மட்டும் சுற்றியது. அவர் அங்கேயேதான் நிற்கிறார். தான் என்ன செய்தோம் என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

தாழ்ப்பாள் மெதுவாகப் பின்வாங்கியது. கதவு தொப்பென்று கீழே இறங்கி, இரண்டு விரல் திறந்தது. பிறகு முழுவதும் திறந்தது. ஷூக்கள் படியில் நின்றன. உள்ளே வரவில்லை. நான் எண்ணினேன். முப்பத்தாறு வரை எண்ணியது நினைவிருக்கிறது. திரும்பிப் போய்விட்டன.

சாப்பாடு முடிந்து எல்லோரும் வந்தபோது நானும் கைகழுவும் இடத்திலிருந்து வருவது போல வந்தேன். ரேடியோக்காரர் தன் நாற்காலியில் இருந்தார்.

"சாப்பிடப் போகலையாம்மா?"

"சாப்பிட்டேனே சார்."

"அப்படியா." எழுந்து என்னிடம் வந்தார். என் முழங்கையிலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்பு நூல், கூடவே ஒரு சின்னத் துணிக் கிழிசல். "டீச்சர் வீட்டுக்குப் போனா எல்லாருக்கும் இப்படித்தான். உடம்பெல்லாம் நூல் ஒட்டிக்கும்" என்றார். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சொல்லுவாங்க, அப்படி" என்று சேர்த்துக்கொண்டார்.

அப்போது இழைப்புளியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மில்லி அண்ணன் கதவுப் பக்கம் போவது தெரிந்தது. ஓடினேன்.

"அண்ணே, சீவாதீங்க."

"காலையிலேர்ந்து எல்லாரும் சீவு சீவுன்னாங்க. இப்ப நீங்க வேண்டாங்கறீங்க. நான் என்ன, கதவா பொம்மையா, ஆளாளுக்கு ஆட்டறதுக்கு?"

"பிடியைத் தூக்குங்க. தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, கீழ் மூலையைக் காலால அழுத்துங்க."

முறைத்துவிட்டு இழைப்புளியைக் கீழே வைத்தார். இடது கையால் தூக்கினார். காலால் அழுத்தினார். கதவு சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்தது. வலது கையால் தாழ்ப்பாளைத் தள்ளினார். விழுந்தது.

"அட, மேல் கீல் தேஞ்சு கதவு தொங்கிப் போயிருக்கு. கீழ் மூலை கட்டையில மோதுது, அதான். பலகையும் அங்க லேசா வெளிய வளைஞ்சிருக்கு, அதுக்குத்தான் கால். இது எனக்கில்ல தோணியிருக்கணும்! யார் சொன்னா உங்களுக்கு?"

"அப்புறம் சொல்றேன். இப்ப வலது கையைச் சட்டைக்குள்ள விட்டுக்குங்க. ஒத்தைக் கையால பண்ணுங்க."

நான் போனில் படம் பிடித்தேன். மில்லி அண்ணனுக்குச் சவால் என்றால் சாப்பாடு வேண்டாம். இடது கையால் தூக்கி, காலால் அழுத்தி, உள்ளே கொண்டுவந்தார். தாழ்ப்பாளுக்குக் கை வேண்டும். பிடியை விட்டார். கதவு இறங்கியது. தாழ்ப்பாள் வளையத்துக்கு ஒரு விரல்கடை கீழே போய் முட்டியது. முழங்காலால் முட்டுக்கொடுத்தார், வழுக்கியது. தோளால் தூக்கப் பார்த்தார். ஷூ நுனியை அடியில் கொடுத்தார், கீழ்க்கட்டை இடம் விடவில்லை. மாவுக்கட்டுக்குப் பதில் கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு முழங்கையால் பிடியைத் தூக்கினார். பிடி ஒரு சின்ன இரும்பு வளையம். விரல் நுழைந்தால்தான் உண்டு. இருபத்து மூன்று தடவை செய்தார். லைட்காரர்கள் கூடிவிட்டார்கள், பந்தயம்கூடக் கட்டினார்கள். இருபத்து மூன்று தடவையும் கதவு இரண்டு விரல் திறந்து நின்றது.

"இன்னும் சீவலையா?"

கூட்டம் விலகியது. ரேடியோக்காரர் கையில் டீ கிளாஸோடு நின்றார். அதில் டீ இல்லை.

மில்லி அண்ணனுக்கு எதுவும் தெரியாது. உற்சாகமாகத் திரும்பினார். "சீவவே வேண்டாம் சார். விதம் தெரிஞ்சவங்களுக்கு இது சாத்திக்கும். ரெண்டு கை வேணும், அவ்வளவுதான்."

ரேடியோக்காரர் மில்லி அண்ணனைப் பார்க்கவில்லை. கதவையும் பார்க்கவில்லை. என் கையில் இருந்த போனைப் பார்த்தார். பிறகு கிளாஸைத் தரையில், சுவர் ஓரமாக, யாரும் இடறாத இடத்தில் கவனமாக வைத்துவிட்டு வெளியே நடந்தார். கேட்டைத் தாண்டும்வரை ஷூச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. அவசரமில்லாத அதே நடை.

டைரக்டரை அழைத்து வந்து கதவைக் காட்டினேன், இரண்டு படங்களையும் காட்டினேன். "கதவை யாரும் தொடாதீங்க" என்றார். பிறகு, "நாளைக்கு ஷாட் கிடையாது" என்றார்.

அவர் தன் கையாலேயே கேட்டைப் பூட்டியதும் என் மேசைக்குப் போனேன். அந்த அம்மா கொடுத்த கத்தையின் கடைசித் தாளில் வக்கீலின் முகவரி இருந்தது. அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். டீச்சரைக் கொன்றது யார், ஏன் என்று நான் எழுதவில்லை. கதவு அதைச் சொல்லாது. கதவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். சாட்சி அந்த வீட்டுக்குள் போய்வந்து இதைப் பழகினாரா, ஜன்னலிலிருந்து டீச்சர் செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாரா, அதுவும் எனக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும் அவர் பார்த்ததாகச் சொன்னதை ஒருவரும் பார்த்திருக்க முடியாது. மதியம் கண்ணால் பார்த்ததை, அவர் சொன்ன சொற்களோடும் ஷூ நுனியோடும், நேரம் போட்டு எழுதினேன். பதினான்கு, இருபத்திரண்டு படங்களின் நகலையும் போனில் எடுத்ததையும் சேர்த்தேன். கடைசிப் பத்தியை மட்டும் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், எவர் படித்தாலும் கதவின் முன்னால் நின்று தானே செய்து பார்க்கும்படியாக:

'வெளியே நின்று கதவை நிலைவரை தள்ளவும். அது இரண்டு விரல் இடைவெளியில் நிற்கும். இடது கையால் பிடியை ஒரு விரல்கடை உயரம் தூக்கவும். தூக்கியதை விடாமல் கீழ் மூலையைக் காலால் உள்ளே அழுத்தவும். இன்னும் விடாமல் வலது கையால் தாழ்ப்பாளைத் தள்ளவும். இடது கையை விட்டால் கதவு இறங்கிவிடும், தாழ்ப்பாள் விழாது. இந்தக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட ஒரு காலும் இரண்டு கைகளும் வேண்டும். அன்று அந்தத் தம்பிக்கு ஒரு கைதான் இருந்தது.'